உபுண்டுவா, ஃப்ரீபிஎஸ்டியா? தலைமையாசிரியை ஒருவரின் கேள்வி

கேள்வி: தஞ்சை மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். தமிழாசிரியையாக இருந்து வந்தவள். கணினி விஷயத்தில் கைநாட்டு. எங்கள் ஆய்வகத்தில் 2017இல் வாங்கிய 24 கணினிகள் இருக்கின்றன. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம் என்று பில்லில் போட்டிருக்கிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது, 11 இதில் ஏறாது என்கிறார்கள். எல்லாவற்றிலும் உபுண்டு போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் கணினி ஆசிரியர். பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது தன் செலவிலேயே 24லும் ஃப்ரீபிஎஸ்டி போட்டுத் தருகிறேன் என்கிறார். "லினக்ஸ் ஒட்டுப்போட்ட போர்வை டீச்சர், ஃப்ரீபிஎஸ்டி ஒரே தறியில் நெய்த புடவை" என்று அவர் சொல்ல, "புடவை சரி, அதைக் கட்டிவிடத் தெரிந்தவர் ஊரில் யார்?" என்று இவர் கேட்க, இருவரும் என் வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். இரண்டுமே இலவசம்தானே? எது உயர்ந்தது என்று நீங்கள் சொல்லிவிட்டால் இந்தச் சண்டை முடியும்.

பதில்:

அம்மா, வணக்கம்.

தீர்ப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம். மாணவர்கள் உட்காரும் கணினிகளில் லினக்ஸ் போடுங்கள். உங்கள் ஆசிரியர் சொல்லும் உபுண்டு லினக்ஸில் ஒரு வகை; அதற்குப் பதிலாக அதன் தாய்வீடான டெபியன் என்ற வகையைப் போடுங்கள். கூடவே ஒரே ஒரு பெட்டியைத் தனியாக ஒதுக்கி, அதில் பழைய மாணவர் ஃப்ரீபிஎஸ்டி போட்டுத் தரட்டும். ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்துச் சமாதானம் பேசுவதற்காக இப்படிச் சொல்லவில்லை. "இரண்டும் வேண்டாம், ஒன்றே ஒன்றுதான்" என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் லினக்ஸ் பக்கம்தான் நிற்பேன். இத்தனைக்கும் நான் 20 வருடத்துக்கு மேல் ஃப்ரீபிஎஸ்டியால் சோறு தின்றவன்.

சண்டை முடியும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும் முன்பே அதற்கு முப்பது வயது தாண்டிவிட்டது. 1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினுஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பையன், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று, மினிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் பயனர்களுக்கான இணையக் குழுவில் எழுதினான். அதுதான் லினக்ஸ். அடுத்த ஜனவரியிலேயே, மினிக்ஸை உருவாக்கிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் அதே குழுவில், லினக்ஸ் காலாவதியான சரக்கு என்று தலைப்புப் போட்டு எழுதினார். கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப் பகுதி முழுவதையும் ஒரே பெரிய நிரலாக எழுதுவது 1970களுக்குத் திரும்பிப் போகிற வேலை என்பது அவர் வாதம். பையன் விடவில்லை, பதிலுக்குப் பதில் மல்லுக்கு நின்றான்.

யார் ஜெயித்தார்கள் என்கிறீர்களா? உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் என்று பட்டியல் போடுகிறார்களே, 2017 நவம்பரிலிருந்து அதில் இருக்கும் அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் அதுதான். ஆனால் பேராசிரியரும் சும்மா போய்விடவில்லை. இன்டெல் ஆறாம் தலைமுறையிலிருந்து, கணினியை மேற்பார்க்கும் உள்வேலைக்கென்று ஒரு குட்டிச் செயலியைத் தனியே வைத்து அதில் மினிக்ஸை ஓடவிட்டது. ஆக, எதைப் போடலாம் என்று நீங்கள் குழம்பிக்கொண்டிருக்கும் அந்த 24 பெட்டிகளுக்குள்ளும் ஏற்கெனவே மினிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரையும் கேட்காமல்.

சரி, புடவைக்கு வருவோம். மாணவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. லினக்ஸ் என்பது கறாராகச் சொன்னால் கெர்னல் மட்டும்தான். கோப்பை நகலெடுக்கும் கட்டளையிலிருந்து, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வரை பெரும்பகுதி, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து வந்தது. திரையில் தெரியும் மெனுவும் ஜன்னல்களும் இன்னொரு குழுவின் கைவேலை. இவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்துத் தைத்துத் தருபவர்கள்தான் டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாம். ஃப்ரீபிஎஸ்டியில் கெர்னல், அடிப்படைக் கட்டளைகள், கையேடு எல்லாமே ஒரே குழுவின் பொறுப்பு. 14ஆம் பதிப்பு என்றால் அத்தனையும் சேர்ந்து 14.

இதில் ஒரு சுகம் உண்டு, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கையேட்டில் எழுதியிருப்பதும் இயந்திரத்தில் நடப்பதும் ஒன்றாக இருக்கும். இணைய முகவரியைப் பார்க்க நான் தொழிலுக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்ட 'ஐஎஃப்கான்ஃபிக்' என்ற கட்டளை, இன்று டெபியனைப் புதிதாக நிறுவினால் இருப்பதில்லை. அந்த இடத்தில் 'ஐபி' என்று வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் அன்று கற்றதை இன்றும் அப்படியே தட்டுகிறேன். தொல்காப்பியம் படித்தவருக்கு நன்னூலில் வழி தெரிகிற மாதிரி என்று சொல்லலாமா? நீங்கள்தான் சொல்லவேண்டும்.

ஆனால் ஒட்டுப்போர்வைக்கும் ஒரு பலம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு துண்டைக் கொண்டுவந்து தைத்துவிட்டுப் போகலாம். பிரிண்டர் கம்பெனிக்காரன், வைஃபை சில்லு செய்கிறவன், வெப்கேமரா விற்கிறவன் என்று யாராவது விண்டோஸ் தாண்டி, தன் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒன்று எழுதினால், அது லினக்ஸுக்குத்தான் முதலில் வருகிறது. பெரும்பாலும் அதோடு நின்றும்விடுகிறது. இதற்குக் காரணம் தரமா என்றால் இல்லை. ஒரு வழக்குதான் காரணம் என்பேன்.

யூனிக்ஸ் என்பது ஏடி அண்ட் டி நிறுவனத்தில் பிறந்த பழைய இயங்குதளம். பிஎஸ்டி என்பது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த அதன் கிளை; ஃப்ரீபிஎஸ்டி அந்த வழியில் வந்தது. லினக்ஸ் நடைபழகிக்கொண்டிருந்த காலத்தில் பிஎஸ்டி ஓடவே செய்துகொண்டிருந்தது. இன்டெல் 386 சில்லு வைத்த சாதாரணக் கணினிகளுக்கு ஏற்ப அதை மாற்றி, வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் தம்பதி 1992இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு, யூனிக்ஸ் உரிமையை வைத்திருந்த ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம், பிஎஸ்டியை விற்ற கம்பெனி மீது வழக்குப் போட்டது. பிறகு பல்கலைக்கழகத்தையும் சேர்த்து இழுத்தது. 1994 தொடக்கத்தில் சமரசம் ஆனபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்கவேண்டியிருந்தவை வெறும் மூன்று. இன்னும் 70 கோப்புகளில் உரிமைக் குறிப்பு சேர்க்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வருடமும் "நாளைக்கு இதற்கு நோட்டீஸ் வந்தால்?" என்ற பயத்தில் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள், ஒதுங்கியவர்களில் நிறையப் பேர் லினக்ஸ் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். 1993 நவம்பரில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 1.0, மறு ஆண்டு நவம்பரில் வழக்கில்லாத நிரலின் மேல் 2.0 ஆகத் திரும்ப எழும்பியது. அதற்குள் திண்ணையில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். 386க்கான பிஎஸ்டி அன்றே கைக்குக் கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதியிருக்கவே மாட்டேன் என்று டோர்வால்ட்ஸே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இரண்டும் இலவசம்தானே என்று கேட்டீர்கள். ஆம், ஆனால் ஒரே மாதிரி இலவசம் இல்லை. தமிழாசிரியைக்கு இதை விளக்குவது எளிது. பாரதியார் பாடல்களை நாட்டுடைமை ஆக்கினார்கள். எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், விற்கலாம், தான் எழுதிச் சேர்த்த உரைக்கு உரிமை கொண்டாடலாம். பிஎஸ்டி உரிமம் ஏறக்குறைய அந்த வகை, எழுதியவர் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. சோனி தன் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுப் பெட்டிக்கு ஃப்ரீபிஎஸ்டியை எடுத்துத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டது. மாற்றியதையெல்லாம் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் இல்லை. லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் இன்னொரு நிபந்தனை போடுகிறது. நீ எழுதிச் சேர்த்த உரையோடு புத்தகத்தை ஊருக்குக் கொடுத்தால், அந்த உரையையும் இதே நிபந்தனையில் ஊருக்குக் கொடு. முதலாவதில் அச்சிடுபவனுக்குச் சுதந்திரம், இரண்டாவதில் அடுத்து வாசிப்பவனுக்குச் சுதந்திரம். இதை வைத்து இரவெல்லாம் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் நடத்தியிருக்கிறேன். உங்கள் ஆய்வகத்துக்கு இதனால் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது.

ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி என்று உறவுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது தேவையில்லை. மாணவர் பெங்களூரில் உட்கார்ந்தபடி பள்ளிக் கணினிக்குள் வர நினைத்தால் பயன்படுத்தப்போகும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், 1999இல் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் எழுதியது என்பதை மட்டும் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் நினைவுபடுத்துங்கள்.

இனி நான் ஏன் லினக்ஸ் பக்கம் சாய்கிறேன் என்பதற்கு வருகிறேன். 2009இல் ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு சர்வர் அமைத்துக் கொடுத்தேன். பில் போடும் கணினிகள் எல்லாம் விண்டோஸ். அவற்றின் கோப்புகள் வந்து சேருகிற இடம் மட்டும் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஃப்ரீபிஎஸ்டி பெட்டி. லினக்ஸ் போதுமே என்று முதலாளியின் மகன் சொன்னார். கேட்கவில்லை. உங்கள் மாணவரின் வயதுதான் அப்போது எனக்கும். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டியை யாரும் தொடவேண்டி இருக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆடித் தள்ளுபடி நடக்கும்போது ஒரு நாள் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. மின்சாரம் திரும்பியதும் பெட்டி எழுந்து, பாதி வழியில், ஷெல்லின் முழுப் பாதையைக் கொடு அல்லது ரிட்டர்ன் தட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைப் போட்டுவிட்டு நின்றுவிட்டது. கடையில் இருந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. பஸ் நிலையம் பக்கத்திலிருந்து ஒரு சர்வீஸ் பையனைக் கூட்டி வந்தார்கள். அவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் விண்டோஸ் கணினியில் மாட்டிப் பார்த்தார். விண்டோஸுக்கு அந்த வட்டில் என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. "டிஸ்க் காலியா இருக்கு அண்ணே, ஃபார்மட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கணக்குப்பிள்ளைக்கு என்னமோ மனசு கேட்காமல் எனக்கு போன் போட்டார்.

வட்டைத் திரும்ப மாட்டச் சொல்லி, ரிட்டர்ன் தட்டச் சொல்லி, வட்டைச் சரிபார்க்கும் கட்டளையை எஃப், எஸ், சி, கே, ஒரு இடைவெளி, ஒரு மைனஸ், ஒய் என்று சென்னையிலிருந்து எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "மைனஸ்னா எந்த மைனஸ் சார், இங்க ரெண்டு இருக்கே" என்றார் அவர். அடிக்கோட்டையும் சேர்த்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவே ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில் பெட்டி எழுந்தது. ஒரு கோப்புகூடப் போகவில்லை. ஆனால் தள்ளுபடி நாளில் மத்தியானம் வரை கையால் பில் எழுதியிருக்கிறார்கள்.

ஃப்ரீபிஎஸ்டி மேல் தப்பு சொல்ல முடியாது, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதே மின்தடையில் லினக்ஸும் இப்படி நின்றிருக்கலாம். ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒரு தம்பி அந்தக் கடைக்கு மூன்று தெரு தள்ளி இருந்தார். ஃப்ரீபிஎஸ்டி தெரிந்தவன் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தான். அடுத்த மாதமே போய் அதை டெபியனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன், காசு வாங்காமல்.

உங்கள் பள்ளியில் அந்தத் தம்பியின் இடத்தில் இருப்பவர் உங்கள் கணினி ஆசிரியர். காலை முதல் பீரியடில் ஏழாவது கணினி எழவில்லை என்றால் அதன் முன்னால் போய் நிற்கப்போகிறவர் அவர்தான். அவருக்குத் தெரிந்தது லினக்ஸ் என்றால் எனக்கு அது போதும். 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை உருவாக்கியது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. நல்ல வேலைதான், ஆனால் நான் பார்த்த பிள்ளைகள் யாரும் அதற்குள் போகவில்லை, ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை. கேரளத்தில் பள்ளிகள் வருடக்கணக்கில் உபுண்டுவிலிருந்து தயாரித்த சொந்த லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலே கணினியை அதிலிருந்து கிளப்பி, மவுஸ், ஸ்பீக்கர், நெட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியை வழக்கமான முறையில் நிறுவி முடித்தால் உங்களை வரவேற்பது கறுப்புத் திரையும் 'லாகின்' என்ற ஒற்றைச் சொல்லும். டெஸ்க்டாப்பை அதன் மேல் ஒவ்வொன்றாக ஏற்றவேண்டும். மாணவருக்கு அது அரை மணி நேர வேலை, 24 பெட்டிக்கும் நகலெடுத்தும் விடுவார். அவர் பெங்களூர் பஸ் ஏறிய பிறகு புதிதாக ஒரு கணினி வாங்கினால்?

இவ்வளவு சொல்லிவிட்டு உபுண்டுவை ஏன் தட்டிக்கழிக்கிறேன் என்றால், உங்கள் 4 ஜிபிதான் காரணம். உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப் கனமானது. ஃபயர்ஃபாக்ஸ்கூட 2022இலிருந்து அதில் 'ஸ்னாப்' என்ற மூட்டைக்குள் வருகிறது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல் தடவை திறப்பதற்குள் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். உபுண்டு, 2004இல் டெபியனிலிருந்து கிளைத்தது. கட்டளைகள் அநேகமாக அதேதான், ஆசிரியர் புதிதாகக் கற்கவேண்டியது கொஞ்சம். டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தது. மூன்று வருடம் முழு ஆதரவு, மேலும் இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் என்று 2030 வரை கவலை இல்லை. நிறுவும்போது டெஸ்க்டாப் எது என்று கேட்கும் இடத்தில் 'எக்ஸ்எஃப்சிஇ' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மெலிந்த உடம்பு. ஒரு கொசுறு: 1993இல் இதைத் தொடங்கிய இயன் மர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி டெபியன் என்று வைத்தார். புணர்ச்சி விதி எது என்று உங்கள் வகுப்பில் கேட்கலாம்.

2018இல் வந்த பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டுக்குப் பைத்தான். இரண்டும் இதில் கட்டணமில்லாமல் கிடைக்கும். பாடநூலில் உபுண்டுவுக்கே ஒரு பகுதி இருக்கிறது, படத்தில் உள்ள ஐகான் வேறு இடத்தில் இருக்கும், அவ்வளவே. தமிழ்99 விசைப்பலகை 'ஐபஸ்' என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக வந்துவிடும். நீங்கள் கவலைப்படவேண்டியது பழைய வினாத்தாள்கள் பற்றி. பாமினியில் அடித்து வைத்திருப்பீர்கள், நிச்சயம். அந்த எழுத்துருவையும் ஏற்றினால் லிப்ரேஆஃபிஸ் என்ற இலவச ஆவண மென்பொருளில் திறந்து பார்க்கலாம், அச்செடுக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். தேடினால் கிடைக்காது, போனுக்கு அனுப்பினால் கோழிக்கிறுக்கலாகத் தெரியும். கோடை விடுமுறையில் ஒரு மாற்றியை வைத்து யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இந்த வேலை எந்த இயங்குதளம் போட்டாலும் பாக்கிதான்.

பள்ளியில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் வட்டே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் போடுவதில் செலவழியுங்கள். கணினி கிழடாகிவிட்டது என்று நாம் நினைப்பதில் பாதி அந்தச் சுழலும் வட்டின் களைப்பு. எஸ்எஸ்டி போட்ட 2017 கணினிக்கும் போடாததற்கும் இருக்கும் வித்தியாசம், டெபியனுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் இருப்பதைவிடப் பல மடங்கு. இதை இரண்டு பேரும் உங்களிடம் சொல்லவில்லை பாருங்கள்.

இப்போது மாணவரின் பெட்டி. அவர் ஆசையோடு வருகிறார், "வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடாதீர்கள். 24இல் ஒன்றை எடுத்து, ரேமை 8 ஜிபி ஆக்கி, ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, மாணவர்களின் கோப்புகளைச் சேமிக்கும் சர்வராக ஃப்ரீபிஎஸ்டியை வைக்கச் சொல்லுங்கள். இங்கேதான் ஒரே தறியில் நெய்ததன் அருமை தெரியும். இசட்எஃப்எஸ் என்று ஒரு கோப்பு முறை இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் திறந்துவிட்டது, 2008இல் ஃப்ரீபிஎஸ்டி 7.0இலேயே வந்துவிட்டது. எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் வைத்துக்கொள்ளும். ஒரு வட்டில் உள்ள துண்டு கெட்டுப்போயிருந்தால் வாசிக்கும்போதே கண்டுபிடித்து, இன்னொரு வட்டில் உள்ள நல்ல நகலைக் கொண்டு திருத்திவிடும்.

உங்களுக்கு அதைவிடப் பிடிக்கப்போவது ஸ்னாப்ஷாட். தினமும் மாலை நாலு மணிக்கு ஒன்று எடுக்கும்படி வைத்துவிட்டால், அன்றைய நிலை அப்படியே உறைந்து நிற்கும்; மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் ஒரு பெண் தன் பைத்தான் நிரல்களையெல்லாம் தவறி அழித்துவிட்டு அழுதுகொண்டு நின்றால், ஆசிரியர் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள் போய், நேற்றைய தேதியைத் திறந்து, நகலெடுத்துக் கொடுத்துவிடலாம்.

இசட்எஃப்எஸ் லினக்ஸிலும் ஓடும். 2020இல் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0இலிருந்து இரண்டுக்கும் ஒரே மூலநிரல்தான். ஆகவே உங்கள் மாணவர் இதை ஃப்ரீபிஎஸ்டியின் தனிச்சொத்து என்று சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் அதன் உரிமமும் ஜிபிஎல்லும் ஒத்துப்போவதில்லை என்ற தகராறால், டெபியன் அதைத் தனியே வைத்திருக்கிறது. கெர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் திரும்பக் கட்டவேண்டும். ஒரு நாள் அது கட்டப்படாமல் நின்றால் காலையில் கோப்புகளைக் காணோம் என்பார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அது அடிப்படையோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு மாணவரிடம் இரண்டு நிபந்தனை போடுங்கள். ஒன்று, சர்வர் படுத்துவிட்டாலும் மற்ற கணினிகளில் பாடம் நடக்கவேண்டும். மாணவர்கள் அன்றைக்குத் தங்கள் கணினியிலேயே சேமித்துக்கொண்டால் போதும் என்கிற மாதிரி அமைக்கவேண்டும். இரண்டாவது, ஊருக்குத் திரும்பும் முன் ஒரு ஒத்திகை. பெட்டியை அணைத்து, ஒரு வட்டின் கேபிளைப் பிடுங்கி, திரும்பக் கிளப்பவேண்டும். திரையில் 'டிகிரேடட்' என்று காட்டும், கோப்புகள் எல்லாம் இருக்கும். அங்கிருந்து புது வட்டு மாட்டி, வட்டை மாற்றும் கட்டளையைத் தட்டி, நகல் முழுவதும் ஏறி முடிகிற வரை உங்கள் கணினி ஆசிரியர் தன் கையால் செய்யவேண்டும். மாணவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும், கீபோர்டைத் தொடக் கூடாது. தட்டிய ஒவ்வொரு வரியையும் ஆசிரியர் ஒரு நோட்டில் தமிழில் எழுதி, அந்த நோட்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். அட்மின் பாஸ்வேர்டு ஒரு உறையில் உங்கள் பீரோவில். இந்த ஒத்திகைக்கு நேரமில்லை என்று அவர் சொன்னால், அந்தப் பெட்டியிலும் டெபியனே இருக்கட்டும்.

அலுவலக அறையில் சம்பளப் பட்டியல் போடும் கணினியை இந்தப் பேச்சுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் அது இது என்று எதில் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதிலேயே ஓடட்டும். அதற்கு மட்டும் விண்டோஸ் 11 ஏறும் புதுக் கணினி ஒன்று கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரு விஷயத்தை நீங்கள் எழுதவில்லை: ஆய்வகத்தில் என்ன பிரிண்டர்? நம் ஊர்ப் பள்ளிகளில் நான் பார்க்கிறவரை ஒன்று ஹெச்பி 1020, இல்லையென்றால் கேனன் எல்பிபி 2900. இரண்டும் உழைப்பாளிகள், இரண்டும் லினக்ஸில் முரண்டு பிடிப்பவை. ஹெச்பி, சுவிட்சைப் போடும்போதெல்லாம் கணினியிலிருந்து தனக்கான மென்பொருளை வாங்கிக்கொண்டால்தான் எழும். அதற்கு ஹெச்பியின் செருகி ஒன்றைக் கூடுதலாக இறக்கவேண்டும். கேனனுக்கு கம்பெனி லினக்ஸ் டிரைவர் கொடுத்திருக்கிறது, ஆனால் அதை ஓடவைப்பதற்குள் ஆசிரியருக்கு ஒரு சனிக்கிழமை போய்விடும். ஃப்ரீபிஎஸ்டிக்கு கேனன் அதையும் கொடுக்கவில்லை. எனவே 24இலும் கை வைப்பதற்கு முன், பிரிண்டர் மாட்டியிருக்கும் அந்த ஒரு கணினியில் மட்டும் டெபியனைப் போட்டு, உங்கள் வினாத்தாள் ஒன்றை அச்செடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் மாடல் எண்ணோடு எனக்கு எழுதுங்கள்.